பலகையில் எழுதாத எண்

டீச்சரைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்து இந்தியர் பகுதியான சாட்ஸ்வர்த்தில் முப்பத்தைந்து வருஷம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெட்ரிக், அதாவது கிரேடு 12 இறுதிப் பரீட்சை ரிசல்ட் பற்றித்தான்.

*

கேள்வி: அடுத்த வருஷம் எங்கள் மகள் கிரேடு 8 போகிறாள். வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கவர்மென்ட் ஸ்கூல். ஒன்றின் கேட்டில் மெட்ரிக் பாஸ் 98 சதவீதம் என்று பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று 84 சதவீதம், பேனர்கூட இல்லை. மாமியார், "98 இருக்கும்போது 84-க்கு யாராவது அனுப்புவாங்களா?" என்கிறார். என் வீட்டுக்காரருக்கு இரண்டாவது ஸ்கூல்தான் பிடித்திருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? — ஒரு தாய், ஷால்கிராஸ்

பதில்: மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நான் வரமாட்டேன் அம்மா. பேனரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் ஸ்கூலில் ஒரு வருஷம் புது பேனருக்குப் பணம் இல்லை. போன வருஷ பேனரிலேயே எண்ணின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் கட்டினோம். ஜனவரி மழையில் ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பி, புது எண்ணுக்கு அடியிலிருந்து பழைய எண் எட்டிப் பார்த்தது. பழையது புதியதைவிட நான்கு கூடுதல். கேட்டுக்காரர் ஏணி போட்டு ஏறிப் பசை தடவினார். பிரின்சிபால் கீழே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எண்ணுக்காக நாங்கள் எவ்வளவு பயந்தோம் என்பதை அன்றைக்கு அந்த முகத்தில் பார்க்க வேண்டும்.

எங்கள் அப்பா பகலில் கார்ப்பரேஷனில் வேலை, சாயங்காலம் வெர்னாகுலர் ஸ்கூலில் தமிழ் வாத்தியார். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று இங்கிலீஷில் படிப்பதற்கு முன்னாலேயே அவரிடம் படித்தேன். பேனரில் தொங்குவது தொகுதியும் பகுதியும் சேர்ந்து அரைத்த மாவு. பகுதி என்ன என்று நீங்கள் போய்க் கேட்டால்தான் தெரியும்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முதல் ஸ்கூலில் மெட்ரிக் எழுதியவர்கள் 50 பேர், தேறியவர்கள் 49 பேர். 98 சதவீதம். இரண்டாவது ஸ்கூலில் எழுதியவர்கள் 150, தேறியவர்கள் 126. 84 சதவீதம். இனி இரண்டு வருஷம் பின்னால் போய், அதே பிள்ளைகள் கிரேடு 10-இல் இருந்தபோது எத்தனை பேர் என்று பாருங்கள். முதல் ஸ்கூலில் 90 பேர், இரண்டாவதில் 165 பேர் என்று வையுங்கள். இப்போது முதல் ஸ்கூல் 90-க்கு 49, அதாவது 54 சதவீதம். இரண்டாவது 165-க்கு 126, 76 சதவீதம். எந்தப் பிள்ளையின் மார்க்கும் மாறவில்லை, ஆனால் பேனர் இடம் மாறிவிட்டது. குடும்பம் வீடு மாறிப் போனவர்கள், ஒரு வருஷம் திரும்பப் படிப்பவர்கள் என்று இதிலும் சில கழித்தல் உண்டு. ஆனாலும் நாற்பது பிள்ளைகள் காணாமல் போக ஒரு ஸ்கூலில் அத்தனை பேர் வீடு மாறமாட்டார்கள்.

எங்கே போகிறார்கள்? சிலரை கிரேடு 11-இலேயே நிறுத்திவைப்பார்கள். கிரேடு 10 முதல் 12 வரை மூன்று வருஷத்தில் ஒரு தடவைக்கு மேல் பெயிலாக்கக் கூடாது என்பது விதி. அந்த ஒரு தடவையை மெட்ரிக்குக்கு முன்னாலேயே செலவழிப்பதில் ஸ்கூலுக்கு லாபம். சில பெற்றோரைக் கூப்பிட்டு, "உங்க பையனுக்கு டெக்னிக்கல் காலேஜ்தான் சரி" என்பார்கள். பையனுக்கு அது உண்மையிலேயே சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு எப்போதும் நவம்பரில்தான் நடக்கும் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

மூன்றாவது வழி என் கையாலேயே நடந்தது. 2008-இல் புது மெட்ரிக் வந்ததிலிருந்து, டெக்னிக்கல் ஸ்கூல்கள் தவிர மற்ற இடங்களில் எல்லோரும் மேத்ஸ் அல்லது மேத்ஸ் லிட் இரண்டில் ஒன்று எடுத்தே ஆக வேண்டும். மேத்ஸ் லிட் என்பது கடன், வட்டி, மின்கட்டண பில், வரைபடம் படிப்பது. உபயோகமான பாடம், நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இன்ஜினியரிங், மருத்துவம், பெரும்பாலான காமர்ஸ், சயன்ஸ் படிப்புகளின் கதவு அதற்குத் திறக்காது. கணக்குத் துறைத் தலைவியாக இருந்தபோது, கிரேடு 10-இல் 40-க்குக் கீழே எடுத்தவர்களின் பட்டியலைப் போட்டு, பெற்றோரைக் கூப்பிட்டு, மேத்ஸிலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு மாற்றும் பாரத்தில் கையெழுத்து வாங்குவேன். ஒரு வருஷம் பதினேழு கையெழுத்து. அதில் ஒரு பெண், பேர் வேண்டாம், அம்மா கையெழுத்துப் போடும்போது பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 37 மார்க். நர்ஸ் ஆகணும் என்றாள். "மேத்ஸ் லிட்டிலேயும் போகலாம் கண்ணு" என்றேன். சில இடங்களில் போகலாம், சில இடங்களில் முடியாது. அந்த இரண்டாவது பாதியை நான் சொல்லவில்லை. அந்த வருஷம் எங்கள் எண் மூன்று கூடியது.

அதனால் அம்மா, இரண்டு ஸ்கூலுக்கும் நேரில் போங்கள். எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்கள் கிரேடு 10-இல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். தேறியவர்களில் பேச்சலர் பாஸ் (யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போடும் தகுதி) எத்தனை, மேத்ஸ் எழுதியவர்கள் எத்தனை, அதில் 60-க்கு மேல் எத்தனை என்று கேளுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால் அதுவும் ஒரு பதில். எல்லாவற்றுக்கும் மேலாக, கிரேடு 8-க்கும் 9-க்கும் கணக்கு எடுப்பது யார் என்று கேளுங்கள். நல்ல கணக்கு வாத்தியாரை எல்லோரும் மெட்ரிக்குக்குத்தான் வைப்பார்கள். கிரேடு 8-க்கு உடற்பயிற்சி வாத்தியாரை அனுப்புவார்கள். அங்கே போன கணக்கு பிறகு திரும்பி வராது.

*

கேள்வி: வெளிப்படையாகக் கேட்கிறேன், வெளிப்படையாகப் பதில் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் ஸ்கூல் முழுக்க நம்ம இந்தியப் பிள்ளைகள். ஒழுங்கு இருந்தது, ரிசல்ட் இருந்தது. இப்போது என் பேரன் வகுப்பில் நம்மவர்கள் எட்டே பேர். வெளிப் பிள்ளைகள் வந்ததால்தானே தரம் போனது? — ஒரு தாத்தா, ஃபீனிக்ஸ்

பதில்: இல்லை ஐயா.

உங்கள் காலம் என்றால் கிட்டத்தட்ட என் காலம். அந்தக் காலத்தின் பகுதியையும் கொஞ்சம் கேட்டுப் பார்ப்போமே. டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒரு உயர்நிலைப் பள்ளி வந்ததே 1929 வாக்கில், சாஸ்திரி காலேஜ். கும்பகோணத்துப் பக்கம் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி இந்தியாவின் ஏஜென்டாக இங்கே வந்து, நம்ம ஆட்களிடம் பணம் திரட்டிக் கட்ட வைத்தது. நம்ம முன்னோரை ஏற்றிய முதல் கப்பல் இங்கே வந்தது 1860. நடுவில் எழுபது வருஷம். அதற்குப் பிறகும் பல பள்ளிகளை, நாம் ஒரு பவுண்டு போட்டால் சர்க்கார் ஒரு பவுண்டு என்ற கணக்கில், காய்கறித் தோட்டக்காரரும் வெயிட்டரும் காசு போட்டுத்தான் எழுப்பினார்கள். இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம் என்று பிளட்டூன் வகுப்பு நடந்தது. என் அக்காவுக்கு மத்தியானக் கூட்டம். ஸ்டாண்டர்டு சிக்ஸ் முடித்ததும் துணி ஃபேக்டரிக்குப் போய்விட்டாள், சட்டைக் காலர் தைக்க. எங்கள் தெருவில் அவள் வயசுப் பெண்களில் மெட்ரிக் வரை போனது இரண்டு பேர். இரண்டு பேரும் பாஸ். நூற்றுக்கு நூறு! உங்களுக்கு ஞாபகம் இருக்கும் ரிசல்ட் அதுதான் ஐயா. காலர் தைக்கப் போனவள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இனி, வந்தவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். போனவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இன ஒதுக்கல் முடிந்து 90-களில் கதவுகள் திறந்ததும், கார் வைத்திருந்த நம்ம ஆட்கள் பிள்ளைகளை பெரேயா, வெஸ்ட்வில் பக்கத்துப் பழைய வெள்ளைக்காரப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டாஃப் ரூமில் என்னோடு உட்கார்ந்திருந்த வாத்தியார்களே தங்கள் பிள்ளைகளை அங்கேதான் சேர்த்தார்கள். நான் சேர்க்கவில்லை என்று பெருமை பேசமாட்டேன். என் சம்பளத்துக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். அவர்களோடு பெற்றோர் சங்கத்தில் சத்தம் போடுகிறவர்களும், கட்டணத்தை முதல் மாசமே கட்டுகிறவர்களும் போய்விட்டார்கள். கட்டணம் குறைந்தால், சர்க்கார் தரும் வாத்தியார்களுக்கு மேல் ஸ்கூல் கமிட்டி தன் காசில் வைத்திருக்கும் வாத்தியார் போவார். அவர் போனால் முப்பத்தாறு பேர் இருந்த வகுப்பில் நாற்பத்தெட்டு பேர். நாற்பத்தெட்டு நோட்டுகளைத் திருத்திப் பாருங்கள், தரம் எங்கே போகிறது என்று கை சொல்லும்.

வந்தவர்கள் யார்? உம்லாசி, வெல்பெடாக்ட் போன்ற கருப்பர் குடியிருப்புகளிலிருந்து விடிவதற்கு முன்னால் டாக்ஸி வேன் ஏறி வருகிற பிள்ளைகள். வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்கூல் இருந்தும், "இங்கே நல்லாச் சொல்லித்தருவாங்க" என்று வேலைக்காரியாக இருக்கும் அம்மா சம்பளத்தில் பாதியை டாக்ஸிக்குக் கொடுத்து அனுப்புகிறாள். நம்ம அப்பா அம்மா செய்ததும் இதேதானே.

கிரேடு 9-இல் ஒரு பையன். முதல் பீரியடில் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்தால் நிமிரமாட்டான். வெள்ளிக்கிழமை காலை டெஸ்ட்டில் முப்பதைத் தாண்டமாட்டான். ஒருநாள் நன்றாகத் திட்டினேன். நின்று கேட்டுவிட்டு, "மேம், நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன்" என்றான். தங்கையை க்ரெச்சில் விட்டு, இரண்டு டாக்ஸி மாறி, ஏழரைக்கு கேட்டில். சாப்பாடு? பிரேக்கில் ரொட்டி. அதற்குப் பிறகு வெள்ளி டெஸ்ட்டை பிரேக்குக்கு அப்புறம் மாற்றினேன். அந்த டெர்ம் முடிவில் 52 எடுத்தான். இது ஆராய்ச்சி இல்லை, ஒரு பையன். அதே வகுப்பில் ஸ்கூலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் நம்ம பையன் ஒருத்தனும் தூங்குவான். விசாரித்தால் பிளேஸ்டேஷன்.

இன்னொன்று, இதை ரிசல்ட் பட்டியலில் யாரும் பார்ப்பதில்லை. நம்ம பக்கத்துப் பள்ளிகளில் இங்கிலீஷைத்தான் ஹோம் லாங்குவேஜாக வைக்கிறார்கள். வீட்டில் ஜூலு பேசுகிற பிள்ளையும் பரீட்சைத் தாளில் இங்கிலீஷைத் தாய்மொழியாக எழுதுகிறது. அதில் 40 எடுக்காவிட்டால் மற்ற பாடம் எல்லாம் தேறினாலும் மெட்ரிக் இல்லை. உங்கள் பேரனுக்கு வீட்டிலேயே இங்கிலீஷ். அவனுக்குத் தமிழில் அந்தத் தாளை வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள் ஐயா.

2024 மெட்ரிக்கில் நாடு முழுக்க 87.3 சதவீதம் தேறினார்கள், நம்ம மாகாணம் க்வாசுலு-நட்டாலில் 89.5. அந்த வருஷம் பேச்சலர் பாஸ் வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கட்டணம் வாங்காத பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். ஏழைப் பிள்ளைகள், கருப்புப் பிள்ளைகள். இதற்கும் பகுதி கேட்கலாம், கேட்க வேண்டும்; நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள். ஆனால் தரத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள் இல்லை.

பேரன் வகுப்பில் எட்டுப் பேர் என்றீர்களே, எண்ணினீர்களா, அவன் சொன்னானா? அவன் எண்ணியிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

*

கேள்வி: 30 மார்க் எடுத்தால் மெட்ரிக் பாஸ் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் பேச்சலர் பாஸ் என்றால் என்ன? — டொங்காட் வாசகர்

பதில்: பாதி உண்மை. ஹோம் லாங்குவேஜில் 40, இன்னும் இரண்டு பாடத்தில் 40, மூன்று பாடத்தில் 30. இதுதான் கீழ்ப்படி. 30-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு ரேடியோவில் கத்துகிறவர்கள் 40-ஐச் சொல்லமாட்டார்கள். நான்கு முக்கியப் பாடங்களில் 40 இருந்தால் டிப்ளமோ பாஸ். 50 இருந்தால் பேச்சலர் பாஸ், லைஃப் ஓரியன்டேஷன் அந்த நான்கில் சேராது. 2024-இல் எழுதியவர்களில் 47.8 சதவீதம் பேச்சலர் பாஸ். ஆனால் பேச்சலர் பாஸ் என்பது யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போடும் தகுதி. இடம் கிடைத்துவிட்டது என்று சொந்தக்காரர்களுக்கு பிரியாணி போட்டுவிடாதீர்கள்.

*

கேள்வி: கட்டணம் பாக்கி என்று மகனின் வருஷக் கடைசி ரிப்போர்ட்டைத் தர மறுக்கிறார்கள். ஆஃபீஸில் எல்லோர் முன்னாலும், "பணத்தோடு வாங்க" என்றார்கள். வீட்டுக்காரர் வேலை போய் பதினோரு மாசம். எங்கள் ஸ்கூல் ஏன் கட்டணம் வாங்குகிறது, பக்கத்து லொகேஷன் (கருப்பர் குடியிருப்பு) ஸ்கூலில் இலவசமாமே? — சாட்ஸ்வர்த் தாய்

பதில்: அம்மா, முதலில் நிமிர்ந்து உட்காருங்கள். ரிப்போர்ட்டைப் பிடித்துவைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 1996 பள்ளிச் சட்டத்தின்படி கட்டணம் பெற்றோருக்கும் ஸ்கூலுக்கும் இடையிலான கடன். அவர்கள் உங்கள் மேல் கேஸ் போடலாம். பையனை வகுப்பிலிருந்து வெளியே நிறுத்த, டெஸ்ட் எழுதவிடாமல் செய்ய, ரிப்போர்ட்டைப் பூட்டிவைக்க முடியாது. ஒரு தாளில் தேதி போட்டு, ரிப்போர்ட் தர மறுத்ததை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல இடங்களில் ரிப்போர்ட் டிராயரிலிருந்து தானாக வெளியே வரும். நான் பார்த்திருக்கிறேன், எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அடுத்தது கட்டண விலக்குப் பாரம். ஆஃபீஸில் கேளுங்கள், "தீர்ந்துபோச்சு" என்றால் மறுபடி கேளுங்கள். வருஷக் கட்டணம் பெற்றோர் இருவரின் வருஷ வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் முழு விலக்கு. அதற்குக் கீழே இருந்தாலும் ஒரு பகுதி குறையலாம். பிள்ளையின் பேரில் சர்க்கார் கிரான்ட் வாங்குகிறவர்களுக்கும், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும் கணக்கே பார்க்காமல் விலக்கு. கமிட்டி மறுத்தால் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு அப்பீல் போடலாம். வேலை போன கடிதத்தின் நகல், மூன்று மாச பேங்க் ஸ்டேட்மென்ட், இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். இது பிச்சை இல்லை. சட்டம் பண்ணும்போதே உங்கள் பேரைச் சேர்த்துத்தான் பண்ணியிருக்கிறார்கள்.

பக்கத்து ஸ்கூல் ஏன் இலவசம் என்று கேட்டீர்கள். நாட்டின் பள்ளிகளை ஐந்து குவின்டைலாகப் பிரித்திருக்கிறார்கள், ஒன்று மிக ஏழ்மை, ஐந்து வசதி. 2007 வாக்கில் கட்டணமில்லாப் பள்ளிகள் தொடங்கின; இப்போது ஒன்று முதல் மூன்று வரை கட்டணம் இல்லை, சர்க்கார் தலைக்குக் கூடுதல் பணம் தரும். நான்கும் ஐந்தும் கட்டணம் வாங்கலாம், சர்க்கார் பணம் குறைவு. இதில்தான் குளறுபடி. குவின்டைலை ஸ்கூலைச் சுற்றியுள்ள வீடுகளின் வருமானத்தை வைத்துப் போட்டார்கள். டெஸ்க்கில் உட்காரும் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. எங்கள் ஸ்கூலைச் சுற்றி ஓட்டு வீடு, கார் கராஜ், வாசலில் கொடிமரம். அதனால் வசதியான ஸ்கூல்! உள்ளே பாதிப் பிள்ளைகள் தகரக் குடிசையிலிருந்து வருகிறார்கள். அந்தக் கொடிமரத்து வீட்டிலேயே உங்களைப் போல பதினோரு மாசம் சம்பளம் இல்லாமல் இருக்கிறவர்களும் உண்டு, அது எந்த சென்சஸ் தாளிலும் ஏறாது. ஏழைப் பிள்ளைகள், பணக்கார ஸ்கூல் என்ற பேர், இரண்டுக்கும் நடுவில் காலி கஜானா. ரிசல்ட்டை வைத்து ஸ்கூல்களை ஒப்பிடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது பார்த்துவிட்டு ஒப்பிட்டால் போதும்.

*

கேள்வி: மகளுக்கு ஏழு பாடத்திலும் ஏ. மெடிக்கல் கிடைக்கவில்லை. நம்ம நிறம் தப்பா டீச்சர்? — லெனேசியா

பதில்: என் தங்கை மகளுக்கும் இதேதான் நடந்தது, வீட்டில் மூன்று நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் உங்கள் கோபத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன்.

இருந்தாலும் எண்ணைப் பார்ப்போம். நம்ம மாகாணத்து மெடிக்கல் ஸ்கூலில் பல வருஷமாகப் பேசப்பட்ட ஒதுக்கீடு: ஆப்பிரிக்கர் 69, இந்தியர் 19, கலர்டு (கலப்பினத்தார்) 9, வெள்ளையர் 2, மற்றவர் 1. 2022 சென்சஸில் நாட்டு ஜனத்தொகையில் நாம் 2.7 சதவீதம். டர்பனில் நாம் கூடுதல்தான், ஆனால் 19 என்பது நம்மைத் துரத்துகிற எண் என்று நேர்மையாகச் சொல்ல முடியவில்லை. கஷ்டம் வேறு இடத்தில். நம்ம வீடுகளில் நன்றாகப் படிக்கிற அத்தனை பிள்ளைகளும் ஒரே கதவில் முட்டுகிறார்கள். அந்த 19-க்குள் போட்டி, மகளுக்கும் பக்கத்து வீட்டு மகளுக்கும் நடுவில். ஏழு ஏ என்பது 80-க்கு மேல் என்று மட்டும்தான் சொல்கிறது. அங்கே 81-க்கும் 94-க்கும் வித்தியாசம் பார்க்கிறார்கள்.

பார்மசி, ஃபிசியோதெரபி, ஆடியாலஜி எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டீர்களா? தங்கை மகள் ஆப்டோமெட்ரி படித்தாள். போன மாசம் எனக்குக் கண்ணாடி அவள்தான் மாற்றினாள். டாக்டர் ஆகியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாளா என்று கேட்டேன். "பெரியம்மா, மேலே பாருங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்றாள்.

*

கேள்வி: கிரேடு 10-இல் தமிழை ஒரு பாடமாக எடுத்தால் மெட்ரிக் மார்க்குக்கு உதவுமா? — வெருலம் தகப்பன்

பதில்: செகண்ட் அடிஷனல் லாங்குவேஜ் என்ற பேரில் தமிழை எடுக்கலாம். 2014-இல் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஐந்தையும் பாடத்திட்டத்தில் திரும்பச் சேர்த்தார்கள். அரசியல் சாசனத்திலேயே தமிழின் பேர் இருக்கிறது. தாளில் எல்லாம் இருக்கிறது, வாத்தியார்தான் இல்லை. உங்கள் ஸ்கூலில் ஆள் இருந்தால் தாராளமாக எடுக்கட்டும். ஆனால் மார்க்குக்காக என்றால், எந்த யுனிவர்சிட்டி அதைப் புள்ளியில் சேர்க்கும் என்று முதலிலேயே அங்கே கேட்டுவிடுங்கள். மார்க்குக்காக இல்லை என்றால் கேட்கவே வேண்டாம், சேர்த்துவிடுங்கள்.

*

கேள்வி: நான் கிரேடு 11. மேத்ஸில் 38. மேடம் என்னை மேத்ஸ் லிட்டுக்கு மாறச் சொல்லி பாரம் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் அம்மா கையெழுத்து வேண்டுமாம். எனக்கு குவான்டிட்டி சர்வேயர் (கட்டட வேலையின் அளவும் செலவும் கணக்குப் போடுகிறவர்) ஆகணும். என்ன செய்ய? — பேர் போட வேண்டாம்

பதில்: கண்ணு, இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 37 இல்லை, 38. ஒரு மார்க் கூடுதல்.

கையெழுத்துப் போடாதே. இப்போதைக்கு. குவான்டிட்டி சர்வேயிங்குக்கு மேத்ஸ் வேண்டும், மேத்ஸ் லிட்டிலிருந்து மேத்ஸுக்குத் திரும்பி வர வழி கிட்டத்தட்ட இல்லை. உன் மேடமைக் கெட்டவள் என்று நினைக்காதே. அவளுக்கு மேலே ஒருத்தர் ஏணியில் நின்று பேனர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் இரண்டு பேப்பரையும் கேட்டு வாங்கு, பார்க்க உனக்கு உரிமை உண்டு. மீதி 62 எங்கே போயிற்று என்று பார். கிரேடு 11 இரண்டாம் தாளில் 150-க்கு 50 மார்க் அளவில் வடிவியலும் அளவையும். நிறையப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திறக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். நீயும் விட்டிருந்தால், உன் 38 உண்மையில் 100-க்கு எடுத்தது இல்லை, எழுதின பாகத்துக்கு எடுத்தது. அது வேறு நோய், மருந்து உண்டு. வட்டத் தேற்றங்கள் ஒரு கை விரல்களில் எண்ணி இன்னும் இரண்டு மூன்று, அவ்வளவுதான். தினம் ஒன்றை மனப்பாடம் பண்ணாமல், காம்பஸ் எடுத்து வரைந்து, கோணத்தை அளந்து பார்.

முதல் தாளில் ஒரு தப்பைத் தேடு. இரண்டு அடைப்புகளின் பெருக்கல் ஆறுக்குச் சமம் என்று கொடுத்திருந்தால், முதல் அடைப்பும் ஆறு, இரண்டாவது அடைப்பும் ஆறு என்று பிரித்து எழுதியிருக்கிறாயா? முப்பத்தைந்து வருஷம், வருஷத்துக்கு வகுப்பில் பாதிப் பேர் எழுதினார்கள். வலது பக்கம் பூஜ்யம் இருந்தால்தான் அப்படிப் பிரிக்கலாம். முதலில் பெருக்கி விரி, ஆறை இந்தப் பக்கம் கொண்டுவா, பூஜ்யம் ஆக்கு, அப்புறம் பிரி. இந்த ஒன்றுக்கே உனக்கு ஏழெட்டு மார்க் போயிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

மேடமிடம் போய், அடுத்த டெர்ம் வரை நேரம் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேள். அம்மாவையும் கூட்டிப் போ. பாரத்தை கிழிக்காதே, நோட்டுக்குள் வை. இரண்டு பேப்பரையும் ஃபோட்டோ எடுத்து இதழ் முகவரிக்கு என் பேர் போட்டு அனுப்பு. சிவப்புப் பேனா இன்னும் என்னிடம் நான்கு இருக்கிறது.